லொறியில் விழுந்த ஒரே அடி

எங்கட ஊர்ப் பக்கத்து வழக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை வந்து இருக்கிறவர். நல்லரத்தினமும் அப்படித்தான் பழுகாமத்துக்கு வந்தார். அவருக்கு வாய்த்த மாமி ஆச்சிப்பிள்ளை, என்னுடைய சின்னம்மாவின் மூத்த மகள். ஆச்சிப்பிள்ளைக்கு இரண்டு பெண்கள். மூத்தவள், நல்லரத்தினத்தின் பெண்சாதி பாலசுந்தரிக்குப் பழுகாமத்து வீடு. இளையவள் கலாஜினிக்கென்று களுதாவளையில் கட்டின வீட்டைச் சுனாமி அத்திவாரத்தோடு கொண்டு போனது. அதிலிருந்து தாயும் இளையவளும் மூத்தவளின் வீட்டில்தான். கலாஜினியைக் கேட்டு வந்தவர்கள், வீடு எங்கே என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணியும் குடிக்காமல் போனார்கள்.

நல்லரத்தினம் ஓட்டோ ஓடினவர். சண்டை முடிந்த வருசம், பாலசுந்தரியைப் பின்னால் இருத்திக்கொண்டு பெரிய றோட்டால் வந்தார். அறுவடை நேரம், பாதி றோட்டில் நெல் காய்ந்தது. முன்னுக்குப் போன ஆமி ட்ரக் நெல்லைக் கண்டு சடாரென்று நின்றது. பின்னால் வந்த காத்தான்குடி முத்தலிப்பின் லொறி அதில் முட்டியது. நல்லரத்தினம் பிறேக் அடித்து, லொறிக்கு ஒரு முழம் பின்னால் நிறுத்திவிட்டார். அவருக்குப் பின்னால் வந்த வேன் நிற்கவில்லை. ஓட்டோவை இடித்து லொறியோடு நசித்தது. பாலசுந்தரி அந்த இடத்திலேயே முடிந்தாள். ட்ரக் திரும்பிப் பாராமல் போய்விட்டது.

வேன் பெரிய இடத்து வேன். ஓட்டோ முதலே லொறியில் முட்டிக் கிடந்தது, அதுக்குப் பிறகுதான் நான் இடித்தேன் என்றான் ட்ரைவர். பொலிசும் அதையே பிடித்துக்கொண்டு நல்லரத்தினத்தின் மேல் வழக்குப் போட்டது.

செத்த வீட்டு முற்றத்தில் வைத்து முத்தலிப் சொன்னார். ஆச்சிப்பிள்ளை பக்கத்தில்தான் இருந்தாள்.

"தம்பி, என்ட லொறிக்குப் பின்னால ஒரு அடிதான் விழுந்திச்சி. நீ முதல்ல முட்டியிருந்தா ரெண்டு அடி விழுந்திருக்கும். கோட்டுல வந்து சொல்றன்."

சொன்னபடி வந்தார். தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாக கோட்டுக்கு வெளியே வாங்குப் பலகையில் காத்திருந்தார். ஆனால் லோயர் நல்லரத்தினத்தை மரத்தடிக்குக் கூட்டிப் போனார்.

"வழக்காடினா ட்ரக்கைப் பத்தியும் கதைக்கணும். இந்த நேரத்தில ஆமியைக் கோட்டுக்கு இழுக்கப் போறியா? ஒத்துக்கொள், குற்றக்காசு கட்டினா இண்டைக்கே முடியும். பொம்பிளைப்பிள்ளை ஒண்டு இருக்கெல்லா."

இருந்தது. துசாந்தினி, மூன்றாம் வகுப்பு. கூட்டிக்கொண்டு போன ஆட்கள் திரும்பாத வீடுகள் எங்கட ஒழுங்கையிலேயே இருந்தன. நல்லரத்தினம் கூண்டில் ஏறி, "ஓம் ஐயா, என்ட பிழைதான்" என்றார். முத்தலிப்பை ஒருவரும் கூப்பிடவில்லை.

பின்னேரம் வீட்டுக்கு வந்தால் வாசல் படலையடியில் அவருடைய உடுப்புப் பை.

"என்ன மாமி இது?"

"என்ட புள்ளையைச் சாக்காட்டினவன் என்ட புள்ளைட வீட்டுல படுக்கிறதோ?"

"முத்தலிப் காக்கா உங்களுக்கு முன்னாலதானே சொன்னவர்."

"அவர் சொன்னது வீட்டு முத்தத்துல. நீ சொன்னது கோட்டுல."

"அப்ப துசாந்தினி?"

"அவள் தாய்ட குடி, இந்த வீட்டுப் புள்ள. நீ பையை எடு."

அவர் உன்னிச்சைப் பக்கம் யாரோ ஒருவரின் வயல் வட்டையில் காவலுக்குப் போனார். அடுத்த வருசமே கலாஜினிக்குக் கலியாணம். சீதனம் அந்தப் பழுகாமத்து வீடுதான். நானும் போய்ச் சாப்பிட்டேன். புதுச் சட்டையோடு பந்தியில் தண்ணீர் வைத்த துசாந்தினியிடம், "அப்பா எங்க புள்ள?" என்று யாரோ கேட்டார்கள்.

"அவர் அம்மாவைச் சாக்காட்டினவர். வரமாட்டார்" என்றாள், பள்ளிப் பாடம் ஒப்பிக்கிற மாதிரி.

ஆச்சிப்பிள்ளை அவளுடைய தலையைத் தடவினாள். பிறகு எங்களைப் பார்த்து, "கறி போதுமா?" என்று கேட்டாள்.