சிரித்த நாளில் எடுத்த படம்

குருநகரில் மீன் விற்கும் எனக்கு ஒரு தொண்டு நிறுவனம் ஐஸ் பெட்டி தந்தது. படமெடுக்க வந்த பிள்ளையோடு அன்று முழுக்கச் சிரித்துக் கதைத்தேன். நடுவில் ஒருமுறை, கண்ணில் தெறித்த மீன் செதிலைச் சேலைத் தலைப்பால் துடைத்தேன்.

பிறகு அந்த நிறுவனம் நல்லூரில் நடத்திய கூட்டத்தில், நான் கண்ணைத் துடைத்தபோது எடுத்த படம்தான் மேடையில் பெரிதாகத் தொங்கியது. ‘கண்ணீரோடு ஒரு தாய்’ என்று எழுதியிருந்தார்கள். பக்கத்தில் இருந்த மகள் தலை குனிந்துகொண்டாள்.

படமெடுத்தவளிடம் போய், “பிள்ளை, நான் அண்டைக்கு அழேல்லையே,” என்றேன்.

“ஓம் அக்கா. சிரிக்கிற படத்தைப் போட்டா ஆக்கள் உதவ மாட்டினம்.”

அதற்குள் நன்றி சொல்ல என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அங்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சனம் இரக்கத்தோடு பார்த்தபோது நானும் முகத்தை வாட்டமாக்கி, குரலைத் தாழ்த்திக்கொண்டேன். வீட்டுக்கு வரும்போது மகளின் முகத்தைப் பார்க்கக் கூசியது.