ஏழு கட்டை

கறுப்பு மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி. சகலன் அதை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொண்டு வந்து, முதல் பக்கத்தில் ‘பாலைவனப் பயணம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, மிச்சத்தை நீங்கள் எழுதுங்கோ என்று என்னிடம் நீட்டினார். அவருடைய கையெழுத்து அந்த இரண்டு சொற்களோடு முடிந்துவிட்டது. பிறகு வந்த பக்கங்கள் எல்லாம் என்னுடையவை. அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, எங்கே தண்ணீர், எங்கே இரவு தங்கல், எவ்வளவு பெற்றோல் என்று மூன்று நிற மையில் எழுதியிருந்தேன். என் ஒழுங்கைப் பற்றி எனக்கே பெரிய எண்ணம் இருந்த காலம் அது. நாலாம் பக்கத்தில் வழிப்படம். அதில் ஒரு நீலக் கோடு, அதன் மேல் ‘7’ என்று ஓர் இலக்கம், பக்கத்தில் இடப்பக்கம் பார்த்த ஓர் அம்புக்குறி. அந்த இலக்கத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

சகலன் என்றால் என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். நானும் அவரும் ஒருவரை ஒருவர் சகலன் என்றே கூப்பிடுவோம். துறைமுகத்து வேலைத்தளத்தில் மெக்கானிக். நான் அதே துறைமுகத்தில் கப்பல்கள் வருகிற போகிற நேரங்களைப் பதிகிற அலுவலகத்தில் இருக்கிறேன். அவர் முன்பு பத்து வருடம் அரபு நாடொன்றில் இருந்தவர். பாலைவனத்தின் நடுவில் ஒரு எண்ணெய்க் கம்பனி முகாமில் வேலை. வெள்ளிக்கிழமைகளில் அங்கிருந்த வெள்ளைக்கார எஞ்சினியர்மார் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் மணலுக்குள் இறங்கிவிடுவார்களாம். சனிக்கிழமை வந்து பைக்கைச் சகலனிடம் விட்டால், அவர் மணலைத் தட்டித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, அடுத்த வெள்ளிக்குத் தயாராக்கிக் கொடுக்கவேண்டும். “அவங்கட பைக் எல்லாத்தையும் திருத்தினனான். ஒண்டிலயும் ஏறி ஓடேல்லை” என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் எல்லா விருந்திலும் அந்தக் கதை வரும்.

நாற்பத்தைந்து வயதில் பழைய பைக் ஒன்றை வாங்கி, முன் ரயரை மாற்றி, சைலன்சரை உயர்த்திக் கட்டினார். எங்கள் நகரத்துக்கு வடக்கே, திரியாய்க்கு உள்ளே, கிரவல் பாதையும் முடிந்த பிறகு வருகிற முட்பற்றையும் மணல் வெளியும் வற்றிய குளங்களும்தான் அவருடைய பாலைவனம். பாலை மரம் நிற்கிற வனம் என்றால் பெயர் பொருத்தம்தான் என்று நான் பகிடி விட்டேன். போகிற காலமும் ஆவணி மாதமாம். கச்சான் காற்று அடித்து, புல்லெல்லாம் கருகி, குளத்து மண் வெடித்துக் கிடக்கிற நேரம். மாரியில் போகலாமே என்றதற்கு, “மாரியில அது சேறு. சேத்துக்க நான் இஞ்சயே விழுந்து எழும்புவன்” என்றார். மூன்று பகல், இரண்டு இரவு, இரண்டு பைக். வழியில் ஒரு சொட்டுத் தண்ணீரும் இராது. ஆகவே ஒரு கிழமைக்கு முன்னரே போய், ஓரிடத்தில் இருபது லீற்றர் தண்ணீரைப் பிளாஸ்ரிக் கானில் அடைத்துப் புதைத்துவிட்டு வருவது என்று தீர்மானித்தோம்.

மச்சாளுக்கு, அதாவது சகலனின் மனைவிக்கு, இந்தப் பயணம் அறவே பிடிக்கவில்லை. யானையைப் பற்றியோ கரடியைப் பற்றியோ அவர் கதைக்கவில்லை. அவருடைய பயமெல்லாம் மிதிவெடி. சண்டை முடிந்து வருடங்கள் போயிருந்தாலும் அந்தப் பக்கத்தில் துப்புரவாக்காத துண்டுகள் சில கிடந்தன. மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகள் நின்றன. ஒருநாள் நானும் சகலனும் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டிருக்கையில் குசினிக்குள் இருந்து வந்து என் முன்னால் நின்றார். “இவருக்கு வழி வாய்க்கால் தெரியாது. நான் உங்களை நம்பித்தான் விடுறன்” என்றார். நான் ஓம் என்றேன். அந்த ஓமைச் சொல்ல எனக்கு ஒரு செக்கனும் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் பட்டிக்காரரைத் தேடிப் போனோம். திரியாயில் மாட்டுப் பட்டி வைத்திருக்கிற, அறுபது தாண்டிய மனிதர். அந்தக் காட்டில் மாடு தேடித் தேடி ஒவ்வொரு ஒற்றையடிப் பாதையும் அவருக்குப் பாடம். பலகை நிற்கிற இடங்களும் பாடம். சந்தியிலிருந்து கிரவல் பாதையால் நேரே ஏழு கட்டை போய் இடப்பக்கம் திரும்பவேண்டும், அதற்கு முதல் எங்கும் திரும்பக்கூடாது என்றார். நான் எழுதிக்கொண்டேன். திரும்பும் இடத்தில் சனிக்கிழமை காலமை வந்து நிற்பதாகவும், தண்ணீர் புதைக்க நல்ல இடம் காட்டுவதாகவும் சொன்னார்.

நான் பிறந்து வளர்ந்தது நகரத்தில். மூன்றாம் கட்டை, நாலாம் கட்டை என்பவை எனக்கு ஊர்ப் பெயர்கள். மூன்றாம் கட்டையில் கறி வாங்குவோம், நாலாம் கட்டையில் ஆட்களுக்கு வீடு இருக்கும். அந்த மூன்றும் நாலும் எதை எண்ணுகின்றன என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. தெருவோரத்தில் இப்போது நிற்கிற கல்லெல்லாம் கிலோமீற்றர்க் கல். அதையும் சனம் கட்டை என்றுதான் சொல்லுகிறது. ஆகவே கொப்பியில் ஏழு கிலோமீற்றர் என்று போட்டேன். போன் வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். சொல்லி வைத்ததுபோல ஏழாவது கிலோமீற்றரில் இடப்பக்கம் ஒரு பாதை பிரிந்தது. எனக்குப் பெரிய சந்தோஷம். சகலனிடம் காட்டினேன். “சகலன் கோடு போட்டா ரயில் ஓடலாம்” என்றார்.

அந்தச் சனிக்கிழமை எனக்கு அரைநாள் வேலை. சகலன் விடியற்காலையிலேயே தண்ணீர்க் கானைப் பின்னால் கட்டிக்கொண்டு தனியாகப் போயிருந்தார். பத்து மணியைப்போல என் போன் அடித்தது. பட்டிக்காரர்.

“தம்பி, விடிய இருந்து இவ்வளவு நேரமும் ஏழாம் கட்டையில நிண்டனான். உங்கட ஆளைக் காணேல்லை. இப்பதான் வீட்டை வந்தனான்.”

“இல்லையே ஐயா, அவர் வெள்ளனவே வெளிக்கிட்டவர். ஏழாம் கிலோமீற்றரில திரும்பியிருப்பார்.”

பிறகு அவர் மெல்லக் கேட்டார். “கிலோமீற்றரோ? தம்பி, நான் சொன்னது கட்டை. மைல். ஏழு கட்டை எண்டா பதினொரு கிலோமீற்றருக்கு மேல வரும். நீர் சொல்லுற அந்த இடப்பக்கத்தால போகப்படாது. அது பலகை போட்ட துண்டு.”

சகலனின் போனுக்கு அடித்தேன். தொடர்பு இல்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். சுவரில் தொங்கிய மணிக்கூட்டைப் பார்த்ததும், அவர் அந்தத் திருப்பத்துக்குப் போய்ச் சேர்ந்து இரண்டு மணித்தியாலமாவது ஆகியிருக்கும் என்று கணக்குப் பார்த்ததும் நினைவிருக்கிறது. யாரிடம் என்ன சொல்லிவிட்டு வெளிக்கிட்டேன் என்பது நினைவில்லை. சாம்பல்தீவு, குச்சவெளி எல்லாம் பக்கவாட்டில் வந்து போயின. மச்சாளுக்குச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். என்னவென்று சொல்வது? உங்கள் புருஷனை மிதிவெடிக்குள் அனுப்பிவிட்டேன் என்றா? போனை எடுக்கவேயில்லை.

சந்தியில் பட்டிக்காரர் என் பைக்கின் பின்னால் ஏறிக்கொண்டார். ஏழாவது கிலோமீற்றரில் இறங்கினோம். சிவப்புப் பலகையை யானை சாய்த்துவிட்டிருந்தது. பற்றைக்குள் முகம் குப்புறக் கிடந்தது. அதைத் தாண்டி, இறுகிய களிமண்ணில் சகலனுடைய ரயர் அடையாளம் தெளிவாக உள்ளே போயிருந்தது. கொஞ்சத் தூரத்தில் களிமண் முடிந்து மணல் தொடங்கியது. கச்சான் மணலை வழித்து வழித்து, அதில் ஓர் அடையாளமும் இல்லாமல் செய்திருந்தது. அந்த மணலுக்கு அப்பால், ஒரு நூறு யார் தூரம் இருக்கும், பைக்கில் சகலன் இருந்தார். முதுகு எங்கள் பக்கம். அவருக்கு முன்னால் இரண்டாவது பலகை நிமிர்ந்து நின்றது. அதைக் கண்டுதான் பிரேக் பிடித்திருக்கிறார்.

நான் பெயர் சொல்லிக் கத்தினேன். அவர் தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்துக் கத்தினார்.

“அங்கயே நில்லுங்கோ! காலை வைச்சியளெண்டா பிறகு நான் உங்களோட கதைக்கமாட்டன்!”

பிரேக் பிடித்ததும் இடக்காலை ஊன்றியிருக்கிறார். பிறகு அந்தக் காலை அவர் எடுக்கவேயில்லை. வந்த வழி எது என்று மணலில் தெரியவில்லை. பின்னால் இருபது லீற்றர் தண்ணீர் கட்டியிருந்தது. கயிற்றை அவிழ்க்க இறங்கவேண்டும். இறங்க மற்றக் காலை எங்கே வைப்பது?

மிதிவெடி அகற்றுகிற ஆட்களின் முகாம் எங்கே என்று பட்டிக்காரருக்குத் தெரியும். என் பைக்கை எடுத்துக்கொண்டு அவர் போனார். நான் நின்றேன். அவ்வளவு நேரம் ஒரு மனிதனைப் பார்த்துக்கொண்டு, கிட்டப் போகாமல் நின்றது என் வாழ்க்கையில் அந்த ஒருநாள்தான். வெயில் உச்சிக்கு வந்தது. அவர் தலை மெல்ல மெல்லச் சரிவதும், பிறகு நிமிர்வதுமாக இருந்தது. சரிந்து விழுந்துவிடுவாரோ என்று பயந்தேன். ஒருதரம் நிமிர்ந்தவர், திரும்பாமலே சத்தம் போட்டார்.

“சகலன், கொப்பியில நெருப்புப்பெட்டி எழுதினனீங்களோ?”

“ஒண்டு எழுதினனான்!”

“ரெண்டாப் போடுங்கோ! நிலத்தில விரிக்கப் படங்கு?”

“போட்டாச்சு!”

“கருவாடு வேண்டாம், தண்ணி விடாய்க்கும்!”

இப்படியே அரிசி, உப்பு, ரியூப் ஒட்டுகிற பசை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் அழுதுகொண்டு பதில் கத்தினேன். அவர் பொருட்களைச் சரிபார்க்கவில்லை, தன்னை நித்திரையாகாமல் வைத்திருக்கிறார், என்னையும் ஓடி வராமல் பிடித்து வைத்திருக்கிறார் என்பது எனக்கு விளங்கியது. என்னால் தாங்க முடியவில்லை.

“பிழை என்னில! அவர் சொன்னது மைலாம்! நான் கிலோமீற்றர் எண்டு போட்டிட்டன்!”

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“மைலோ?” என்றார் சகலன். “அப்ப பெற்றோல் காணாதே!”

அந்த ஆட்கள் வந்து, முழங்காலில் இருந்து, கையகலம் கையகலமாக மண்ணைச் சோதித்து, வெள்ளை நாடா கட்டிக்கொண்டு இரண்டு மணியைப்போலத்தான் அவரிடம் போய்ச் சேர்ந்தார்கள். வழியில் ஒன்றும் அகப்படவில்லை. பக்கங்களில் இருந்திருக்குமோ என்று கேட்டேன். அவர்களில் பெரியவர் தோளைக் குலுக்கினார். இரண்டு பேர் தாங்கித்தான் சகலனைக் கூட்டி வந்தார்கள். இடக்கால் மரத்துப்போயிருந்தது. உதடு வெடித்திருந்தது. ஆறு மணித்தியாலம் ஒரே காலில்.

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மச்சாள் வாசலில் நின்றார். நான் வாய் திறக்க முதல் சகலன் முந்திக்கொண்டார். “சகலன் சரியாத்தான் கீறித் தந்தவர். நான்தான் பாதை மாறிப் போட்டன். அவர் வந்து கூட்டிக்கொண்டு வந்தவர்.” மச்சாள் அவருக்குக் கொடுத்த பேச்சைத் தெருவே கேட்டது. எனக்குத் தேத்தண்ணீர் கிடைத்தது. நான் குடித்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அன்று நிம்மதியாகத்தான் இருந்தது.

பயணம் நடக்கவில்லை. பைக்கை அந்த மாதமே விற்றுவிட்டார். இது நடந்து ஒன்பது வருடம். வழி தெரியாத மனிசன் என்ற பட்டம் அவரோடு ஒட்டிக்கொண்டது. கலியாண வீட்டுக்குப் போனாலும், கோணேசர் கோயிலடிக்குப் போனாலும், யாராவது அவருக்கு வழிகாட்டுவதுபோலக் கையை நீட்டிப் பகிடி பண்ணுவார்கள். அவரும் சிரிப்பார். பல தடவை நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். நாங்கள் இரண்டு பேரும் தனியாக இருந்த ஒருநாளிலும் அவர் அதைப் பற்றி எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. சகலனின் மகளுக்கு இப்போது இருபது வயது. கம்பசில் படிக்கிறாள், ஸ்கூட்டர் ஓடுகிறாள். சிநேகிதிகள் நாலு பேராகப் புல்மோட்டைப் பக்கம் போய்க் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறார்களாம். சகலனின் முகத்தில் அன்றைக்கு இருந்த வெளிச்சத்தை நான் பல வருடமாகக் கண்டதில்லை. எந்த ரயர் நல்லது, எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார். வழி என்று அவர் தொடங்கியதும் மகள் கையை உயர்த்தினாள்.

“வேண்டாம் அப்பா. வழி மட்டும் நான் சித்தப்பாவிட்டக் கேக்கிறன்.”

எல்லோரும் சிரித்தார்கள். சகலனும் சிரித்தார். “ஓம், அவரிட்டயே கேள்” என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். மகள் போனை என் முன்னால் வைத்து, கிரவல் பாதை ஒன்றில் விரலை வைத்தாள். நான் போனைத் தள்ளி வைத்தேன்.

“உங்கட அப்பா வழி மாறிப் போகேல்லை, பிள்ளை. நான் பிழையாக் கீறிக் குடுத்தனான். அவர் நான் கீறின வழியாலதான் போனவர்.” தொடங்கினபின் நிறுத்த முடியவில்லை. கட்டையை, பலகையை, மணலை, அந்த ஆறு மணித்தியாலத்தை எல்லாம் சொன்னேன். சகலன் ஒருமுறை, “விடுங்கோ சகலன், அது பழைய கதை” என்றார். நான் விடவில்லை.

மச்சாள் கறிச் சட்டியோடு நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். என்னை அவர் பார்க்கவில்லை. புருஷனைத்தான் பார்த்தார்.

“மிதிவெடிக்குள்ளயோ நிண்டனீங்கள்? ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

சகலன் தலையை நிமிர்த்தவில்லை. “சொல்லியிருந்தா நீ உன்ர தங்கச்சி வீட்டுப் படி மிதிச்சிருப்பியோ?” என்றார்.

எனக்குப் பக்கத்தில் இருந்த என் மனைவி, அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சாள் சட்டியை மேசையில் வைத்துவிட்டு, சகலனின் கதிரைக்குப் பக்கத்தில் குந்தி, அவருடைய இடக்காலைத் தொட்டுப் பார்த்தார்.