எடுத்தவர் சம்மதம்

மட்டாஞ்சேரித் தமிழ் ஆட்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு தொடங்கியவர், அங்கே இன்டர்நெட் கஃபே நடத்தும் சேட்டன். மெலிந்த உடம்பு, மேசைக்கடியில் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். அண்ணன் இறந்த மாதம், அவன் எடுத்த தோப்பும்படி பாலத்தின் படத்தைக் குழுவில் எல்லாரும் பார்க்க வேண்டும் என்று அவரிடம் கொண்டுபோனேன்.

“எடுத்த ஆளு சம்மதிக்காம போட மாட்டேன். மந்திரி வந்தாலும் இதே ரூல்தான்,” என்றார்.

“எடுத்தது எங்க அண்ணன். செத்துட்டான் சேட்டா, யார்ட்ட போய்க் கேக்க?”

கால் நின்றது. குழுவின் விதிகளுக்குக் கீழே, ‘எடுத்தவர் இல்லையென்றால் வீட்டார் சம்மதம் போதும்’ என்று தட்டினார்.

“இப்ப நீ சொல்லு மோளே. சம்மதந்தானே?”

செத்துட்டான் என்று சொன்ன வாய்க்கு, அவனுக்குப் பதிலாகச் சம்மதம் சொல்ல வரவில்லை. படத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

“ரூல் எங்கயும் ஓடிப் போகாது. மெல்ல வா,” என்றார்.

வேறு கஃபேக்களில் உட்கார்ந்து அந்தக் குழுவை அடிக்கடி பார்க்கிறேன். அந்த வரியை அவர் இன்னும் அழிக்கவில்லை.