ரெண்டும் லெஃப்ட்டு

கல்யாணப் பத்திரிகை வந்தால் சோபனாக்கா முதலில் பெயர்களைப் படிக்க மாட்டார். இரண்டு ஓரமும் ஒரே அளவில் மடிந்திருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். கோணலாக இருந்தால் கைப்பையிலிருந்து ஒரு சின்னஞ்சிறு சிவப்பு அம்பை உரித்து அந்த இடத்தில் ஒட்டுவார். அதற்குப் பிறகுதான் கல்யாணம் யாருக்கு என்று கேட்பார். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பக்கத்து வீட்டிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் வரிசையில் அம்பு ஒட்டப்படாத வீடு கிடையாது. பால்காரரின் நசுங்கிய அளவுக் குவளையில் ஒன்று இருக்கிறது. எங்கள் கதவில், ஆணி ஒன்று குறைவாக அடித்த கீலைக் காட்டிக்கொண்டு ஒன்று இருக்கிறது. அவருடைய கணவர் மதியழகன் ஒருநாள் தாடையில் அம்போடு ஷேர் ஆட்டோ எடுத்துக்கொண்டு ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்கு நாலு நடை போய் வந்துவிட்டார். சவரத்தில் விட்டுப்போன இடத்தை அது காட்டிக்கொண்டிருந்தது.

"பாசஞ்சர் ஒருத்தர்கூட சொல்லலியே" என்றார் சாயங்காலம்.

"உன் மூஞ்ச எவன்யா பாக்கறான்?" என்றார் அக்கா.

அந்த அம்புகள் ஷூ கம்பெனியின் சொத்து. ஆம்பூருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரம் இருக்கும் ஒரு கம்பெனியில், ஷூ பெட்டிக்குள் போவதற்கு முன்னால் கடைசியாகத் தொட்டுப் பார்க்கிற மேசை சோபனாக்காவுடையது. தோலில் கீறல், தையலில் தாவல், பசை வழிந்த தடம், எதுவாக இருந்தாலும் அந்த இடத்தில் ஓர் அம்பு. அம்பு பட்ட ஷூ திரும்பிப் போகும். படாதது இடதும் வலதுமாக ஜோடி சேர்ந்து, மெல்லிய தாளைச் சுற்றிக்கொண்டு கப்பலேறும்.

"சோபனாம்மா, இன்னா இவ்ளோ அம்பு? ஷிப்மெண்ட் எப்ப போறது? பேஜார் பண்ணாதீங்கம்மா" என்பார் சூப்பர்வைசர் முனீர் அகமது.

"அம்பு ஜாஸ்தி இல்ல சார். தப்பு ஜாஸ்தி."

இதைச் சொல்லும்போது அக்கா தலை நிமிர்வதில்லை என்று அதே லைனில் வேலை பார்க்கும் என் அம்மா சொல்வார்.

சோபனாக்காவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு படம்தான் பிடித்தது. 'செம்புழுதி' என்று தமிழில் குரல் மாற்றி வந்த அறிவியல் படம். செவ்வாய்க்குக் குடியேறப் போகிறவர்களின் கதை. கம்பெனி பஸ்ஸில் கூட வருகிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இழுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அக்கா தனியாக மூன்று முறை போனார். எல்லோருக்கும் கேப்டனைப் பிடித்தது. எனக்குப் பிடித்தது விண்கலம் தீப்பிடிக்கும் காட்சி. அக்கா பார்த்தது, மஞ்சள் கையுறை போட்டுக்கொண்டு விண்வெளி உடைகளைச் சோதிக்கிற ஒரு பெண்ணை. மொத்தமே பத்து நிமிடம் வருவாள். கிளம்பும் நேரத்தில் ஓர் உடையின் தோள்பட்டையில் தையல் ஒன்று தாவியிருப்பதைக் கண்டுபிடித்து, "இது வெளியே போகாது" என்பாள். கேப்டன் அவசரப்படுத்துவான். மேலிடம் மிரட்டும். அவள் அதையே திரும்பச் சொல்வாள். தியேட்டரில் அந்த இடத்தில் கைதட்டிய ஒரே ஆள் சோபனாக்காதான்.

"படத்துல நம்ம டிபார்ட்மெண்ட்ட காட்டிருக்காங்க பாருடி" என்று எங்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னார். அந்த வாரம் முழுக்க கம்பெனியில் ரிஜெக்ட் ஆன ஒவ்வொரு ஷூவும் "இது வெளியே போகாது" என்ற டப்பிங் குரலோடு திரும்பிப் போனதாக அம்மா சொன்னார்.

அடுத்த ஆண்டு அந்தப் படம் செல்போன் விளையாட்டாக வந்தது. விளம்பரத்தில் மஞ்சள் கையுறைப் பெண் ஒரு நொடி தெரிந்தாள். அக்கா என்னைக் கூப்பிட்டார். எங்கள் வீட்டில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான். வேலை இன்னும் கிடைக்கவில்லை. எங்கள் வரிசையில் போனில் எது ஓடாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நூற்றைம்பது ரூபாய் கட்டி இறக்கிக் கொடுத்தேன். கம்பெனி லீவு நாளில், சமையலை முடித்து, கைகழுவித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவு மரியாதையோடு போன் விளையாட்டுக்கு உட்கார்ந்த வேறு யாரையும் நான் பார்த்ததில்லை.

விளையாட்டில் கேப்டன் ஓடினான். பாறையைத் தாண்டினான், ஆக்சிஜன் உருளைகளைப் பொறுக்கினான், மறுபடி ஓடினான். செவ்வாய்க்குப் போனதற்கு அது ஒன்றுதான் காரணம் என்பதுபோல இருந்தது. மஞ்சள் கையுறைப் பெண் ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் வந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு மறைந்தாள். வாய் திறக்கவில்லை. ஆறாவது கட்டத்தில் உடைச் சோதனை வந்தது. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஓர் உடை திரையில் மெதுவாகச் சுழன்றது. தோள்பட்டையில் கிழிசல், கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. கீழே பச்சைப் பட்டன் ஒன்று. அக்கா சிவப்புப் பட்டனைத் தேடினார். திரையின் நாலு மூலையையும் அழுத்திப் பார்த்தார். போனைத் தலைகீழாகத் திருப்பினார்.

"சௌமி, ரிஜெக்ட் எங்கடி கீது?"

நானும் தேடினேன். இல்லை. பச்சையை அழுத்தினால் மட்டும் ஆட்டம் நகரும். கடைசியில் வேறு வழியில்லாமல் அழுத்தினார். நட்சத்திரங்கள் சிதறின. பலே என்றது போன்.

"கிழிசல பாஸ் பண்ணதுக்கு பலேவாம்" என்றார். முகத்தில் கோபம் இல்லை. கல்யாண வீட்டில் சாப்பாடு தீர்ந்துபோனபோது முன்வரிசை உறவுக்காரருக்கு வரும் முகம் அது.

அதோடு விட்டிருப்பார். மூன்றாம் நாள் காலை, கம்பெனி பஸ்ஸுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். மஞ்சள் கையுறைப் பெண் கட்டைவிரலை உயர்த்தி நின்றாள். அவளுடைய பூட்ஸின் மேல், போன் கண்ணாடியில், சிவப்பு அம்பு.

"பக்கிள் பாரு. பக்கிள் எப்பவும் வெளிப்பக்கம் வரணும். இதுல ஒண்ணுக்கு வெளிய இருக்கு, ஒண்ணுக்கு உள்ள இருக்கு. முன்பக்க வளைவும் ஒரே பக்கம் போவுது. ரெண்டும் லெஃப்ட்டு."

பார்த்தேன். நானும் அந்த விளையாட்டை ஆடியிருந்தேன். அந்தப் பெண்ணை ஐம்பது முறையாவது பார்த்திருப்பேன்.

"எழுதிப் போடு அவங்களுக்கு. சோதிக்கிறவ காலுலயே ரெண்டு லெஃப்ட்டு மாட்டி உட்ருக்காங்க. ரிஜெக்ட்டுனு எழுது."

"தமிழ்லயா எழுதறது, இங்கிலீஷ்லதான்க்கா எழுதணும்" என்றேன். அது உண்மையா என்று எனக்கே தெரியாது. எழுதினேன். எப்படி எழுதினேன் என்பதுதான் இப்போது உறுத்துகிறது. உங்கள் அருமையான விளையாட்டை ரசித்தோம், தாழ்மையான ஒரு யோசனை, காலணிகளைச் சற்றுக் கவனித்தால் நன்றாக இருக்கும். வேலைக்கு விண்ணப்பம் எழுதி எழுதிப் பழகிய கை.

சாயங்காலம் பஸ் இறங்கியதும் கேட்டார். "எத்தனை ஸ்டார் போட்ட?"

"மூணுக்கா."

"ரெண்டு காலும் லெஃப்ட்டு. மூணு ஸ்டாரா?" கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "படிச்சவங்க இப்படித்தான் பாஸ் பண்ணுவீங்க போல."

எனக்குச் சுருக்கென்றது. "ஒரு கேம்தானேக்கா. அது யாரு கண்ணுல படப்போவுது?" என்றேன்.

அக்கா உள்ளே கூப்பிட்டார். பீரோ மேலிருந்து ஒரு ஷூ பெட்டியை இறக்கினார். ஒவ்வொரு மழைக்காலத்திலும் அதை அவர் இறக்கி, ஏதோ செய்துவிட்டுத் திரும்ப ஏற்றுவதைப் பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலிருந்து பார்த்திருக்கிறேன். நகை என்று நினைத்திருந்தேன். திறந்தார். கறுப்புத் தோலில் பெண்கள் ஷூ, முப்பத்தெட்டாம் அளவு. பக்கத்தில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம். இரண்டும் வலது.

"ஆறு வருஷம் முன்ன. ஜெர்மனி ஆர்டர், நாலாயிரம் ஜோடி. கண்டெய்னர் மெட்ராஸ் போயிடுச்சு. மறுநாள் மேஜைக்கு அடியில இந்தப் பொட்டி. தொறந்தா ரெண்டும் ரைட்டு. இங்க ரெண்டு ரைட்டு இருக்குதுன்னா, அங்க?"

"ரெண்டு லெஃப்ட்டு" என்றேன்.

"என் மேஜைய தாண்டித்தான் போச்சு. என் சீலு இருக்கும் அதுல. அன்னிக்கே முனீர் சார்கிட்ட போயி நின்னேன். விடும்மா, நாலாயிரத்துல ஒண்ணு, கம்ப்ளைண்ட் வந்தா பாத்துக்கலாம்ன்னாரு." கம்பெனி வழக்கப்படி ரிஜெக்ட்டைக் கத்தியால் கீறித்தான் வெளியே போடுவார்கள். அக்கா கெஞ்சிக் கேட்டதால் முனீர் அகமது கீறாமல், கேட்டில் காட்டி வெளியே கொண்டுபோகச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"கம்ப்ளைண்ட் வந்துச்சாக்கா?"

"வர்ல. வந்தா மெமோ குடுப்பாங்க, வாங்கிட்டு இதுல ஒண்ண அனுப்பிருப்பேன். வாங்கின அந்தம்மா ஒரு வரி எழுதிப் போட்ருக்கலாம். எவளோ ஒருத்தி காசு குடுத்து வாங்கி, வீட்டுக்குப் போயி கால விட்டு..." பெட்டி மூடியைக் கையில் எடுத்தார். "எழுதினாத்தான தெரியும். அதுக்குத்தான் உன்ன எழுதச் சொன்னேன்."

பெட்டி மூடியின் மேல் ஒரு வெள்ளைத் தாள் சதுரமாக ஒட்டியிருந்தது. முகவரிக்கு விட்ட இடம்.

அன்றைக்கே ஸ்டாரை ஒன்றாகக் குறைத்தேன். தமிழிலும் எழுதினேன், அவர் சொன்னபடியே. ஒரு வாரத்தில் பதில் வந்தது. எங்கள் விளையாட்டை நேசிப்பதற்கு நன்றி, ஒன்றை ஐந்தாக்க நாங்கள் என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார்கள். படித்துக் காட்டினேன். "இன்னொரு கால மாத்தினா போதும்னு சொல்லு" என்றார் அக்கா. சொன்னேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, விளையாட்டின் புதுப் பதிப்பு வந்தது. சிறு பிழைகள் சரிசெய்யப்பட்டன என்று போட்டிருந்தது. நான் குடை இல்லாமல் ஓடினேன். மதியழகன் அண்ணனும் எட்டிப் பார்த்தார். மஞ்சள் கையுறைப் பெண் வந்தாள். கட்டைவிரலை உயர்த்தினாள். அக்கா பழைய அம்பைப் போனிலிருந்து உரித்துவிட்டு, திரையை இரண்டு விரலால் பெரிதாக்கினார்.

நான்தான் முதலில் சொன்னேன். இப்போது எனக்கும் பார்க்கத் தெரிந்திருந்தது. "அக்கா, ரெண்டும் ரைட்டு."

மதியழகன் அண்ணன் சுவரில் சாய்ந்து சிரித்தார். "உன் ஆளுங்கதான் அங்கயும் வேலை செய்றாங்க போல." அக்காவும் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். ஒரே பூட்ஸை வரைந்து இரண்டு காலுக்கும் மாட்டியிருப்பார்கள், ஒன்றைத் திருப்பச் சொன்னதில் இரண்டும் திரும்பியிருக்கும் என்று நான் எனக்குத் தெரிந்த வரைக்கும் விளக்கினேன். கையோடு போனை எடுத்தேன். "இப்ப நல்லா காரமா எழுதறேன்க்கா. ரிஜெக்ட்டுன்னே ஆரம்பிக்கறேன்."

"வேணாம் விடு."

"ஏன்க்கா? எழுதினாத்தான தெரியும்னு நீங்கதான சொன்னீங்க?"

"ரெண்டு லெஃப்ட்டு மாட்னவங்களுக்கு எழுதணும். ரெண்டு ரைட்டு கையில வெச்சிருக்கறவளுக்கு யாரும் எழுத வேணாம். அவளுக்கே தெரிஞ்சிருக்கும்."

ஸ்டாரைத் தொடவில்லை. போனை மூடி வைத்தார். நாற்காலி போட்டு ஏறி, பீரோ மேலிருந்து பெட்டியை இறக்கினார். இரண்டு ஷூவையும் எடுத்து, கட்டைவிரலால் தையலோரம் தடவிப் பார்த்தார். பூஞ்சை இல்லை. கனத்துப்போன பழைய பொட்டலத்தை எடுத்துவிட்டு, கைப்பையிலிருந்து புதிதாக ஒன்றைப் போட்டு மூடினார். போனிலிருந்து உரித்த அம்பு அதுவரை அவருடைய விரல் நுனியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதை, மூடியின் மேல் ஆறு வருடமாக எதுவும் எழுதப்படாத அந்த வெள்ளைத் தாளின் நடுவில் வைத்து அழுத்தினார்.