கஸ்தூரி சுத்துன மரம்

எனக்குக் கோபம் கொஞ்சம் ஜாஸ்தி. அம்பத்தூர் எஸ்டேட்ல மோட்டார் காயில் கட்டுற சுலைமான்னு யாரைக் கேட்டாலும், வேலை சுத்தம், வாய்தான் சரியில்லன்னு சொல்வாங்க. கடைத் தரையில ஒரு ஜாண் காப்பர் கம்பி கிடந்தாலும் கத்தித் தீர்த்துடுவேன். இந்த வாய்க்கு அசராம வருஷக்கணக்கா என் கடையில உட்கார்ந்து காயில் சுத்துற ஒரே ஆள் கஸ்தூரி. கோவில்பதாகையில வீடு. காலையில ஷேர் ஆட்டோல வந்து இறங்குனா சாயங்காலம் வரைக்கும் கம்பியும் கையுமா இருப்பாங்க. ஒட்டி ஒட்டி, சந்தே இல்லாம சுத்துவாங்க. அவங்க சுத்துன மோட்டார் புகைஞ்சுதுன்னு இதுவரைக்கும் எவனும் என் கடைக்குத் திரும்பி வந்ததில்ல.

ஒருநாள் சென்னீர்குப்பத்துல ஒரு நர்சரிக்கு போர் மோட்டார் இறக்கப் போனேன். பூந்தமல்லியில ஏதோ கல்யாணம்னு கஸ்தூரியும் வண்டியில ஏறிக்கிட்டாங்க. நர்சரி வச்சிருக்கிற ஜெகதீசன் எங்களுக்கு டீ வாங்கி வர ஆள் அனுப்பினாரு. மோட்டாரை போருக்குள்ள இறக்கிட்டுத் திரும்பிப் பார்த்தா, இந்தம்மா ஒரு சின்னத் தொட்டி முன்னாடி குந்திக்கிட்டு இருக்காங்க. தொட்டியில ஜூனிபர்னு ஒரு ஊசியிலைக் கன்னு. கிளை முழுக்கக் கம்பி சுத்தியிருக்கு.

"இன்னா பாய், எவன் சுத்துனான் இத? சுத்துக்கு சுத்து இம்மாம் சந்து உட்டுகீறான். நம்ம கடையா இருந்தா நீ கைய ஒடச்சிருப்ப."

ஜெகதீசன் விழுந்து விழுந்து சிரிச்சாரு. அது போன்சாயாம், தொட்டியிலயே குட்டியா வளர்க்கிற மரம். இளங்கிளையில கம்பி சுத்தி வேணுங்கிற பக்கம் வளைச்சு விட்டா, மாசக்கணக்குல கட்டை அப்படியே முத்திப்போகுமாம். அப்புறம் கம்பியை எடுத்துடணுமாம்.

 பூந்தமல்லியில இறங்கும்போது கஸ்தூரி சொன்னாங்க. "நான் சுத்துனது எல்லாம் எங்க கீது பாய்? போருக்குள்ள, தண்ணிக்கு அடியில கீது. ஒருத்தரும் கண்ணால பாத்ததில்ல. ஒண்ணே ஒண்ணாச்சும் வெளிச்சத்துல நிக்கணும்."

எதிர்ல வந்த லாரிக்காரனைத் திட்டினேன்.

அடுத்த வாரமே ஒரு கன்னு வாங்கிட்டு வந்து, என் கடை மொட்டை மாடியில தண்ணி டேங்க் நிழல்ல வச்சாங்க. அவங்க வீட்டு ஷீட்டுக் கூரை அனல்ல அது பிழைக்காது. மதியச் சாப்பாட்டு நேரத்துல மேல போய்க் கம்பி சுத்துனாங்க. நானும் போய்ப் பார்த்தேன். அடடா, என்ன ஒரு சுத்து. சந்தே தெரியாம ஒட்டி ஒட்டி, அச்சு அசலா காயில் மாதிரியே இருந்துச்சு. நான்கூடப் பாராட்டினேன். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

சந்தில்லாத அந்தச் சுத்துல மரம் மூச்சு முட்டிச் செத்துப்போச்சு. அதுவும் உடனே தெரியல. ஜூனிபர் ஒரு கள்ள மரம், செத்த பிறகும் பச்சையாவே நிக்கும். பாவம், கஸ்தூரி அதுக்குத் தினமும் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தாங்க. பழைய மோட்டார் விஷயமா வந்த ஜெகதீசன்தான் இலையைக் கசக்கிப் பார்த்துட்டு, "இது போய் ரொம்ப நாளாச்சுக்கா"ன்னாரு.

ரெண்டாவது கன்னுக்குக் கைப்பழக்கத்தையே மாத்திக்கிட்டாங்க. இத்தனை வருஷம் ஒட்டிச் சுத்துன விரல், தள்ளித் தள்ளிச் சுத்தணும்னா சும்மாவா? பழைய கம்பியை அடுப்புல காட்டி இளக்கி, காயில் கட்டுற காட்டன் டேப்பை ஈரமாக்கிக் கிளையில சுத்தி, அதுக்கு மேல சாய்வாக் கம்பியை ஓட்டினாங்க. மரம் பிழைச்சுது, கிளையும் வளைஞ்சு நின்னுது. கம்பியை எடுக்கும்போதுதான் வினை வந்துச்சு. என் கடையில நல்ல காப்பரை எவனும் வெட்ட மாட்டான், பிரிச்சுச் சுருட்டித்தான் வைப்பான். அதே பழக்கத்துல இவங்களும் நுனியிலிருந்து பிரிச்சுக்கிட்டே வந்தாங்க. பாதி வழியில கிளை பட்டையோட பிய்ஞ்சு கையில வந்துடுச்சு, அடிமரம் வரைக்கும் உரிஞ்சுபோச்சு.

அழல. கீழ வந்து பாதியில விட்ட வேலையை முடிச்சாங்க. அந்தக் கம்பியை மட்டும் அழகா சுருட்டி என் மேசை மேல வச்சாங்க.

மூணாவது கன்னைக் கொடுக்க ஜெகதீசனுக்கு மனசே இல்ல. "இதுதான் கடைசிக்கா. இதுவும் போச்சுன்னா என்கிட்ட வராதீங்க. மரம் பாவம்."

அந்த மரத்துக்கு அவங்க பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு கிளையை வளைக்க, கட்டைவிரலை உள்பக்கம் அண்டக்கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமா முறுக்குவாங்க. லேசா நெரியுற சத்தம் கேட்டா அன்னைக்கு அதோட நிறுத்திடுவாங்க. பச்சையை நம்பாம, நுனியில புதுசா இளம்பச்சை துளிர் வருதான்னு தினமும் பார்ப்பாங்க. துளிர் வந்த அன்னைக்குக் கடையில எல்லாருக்கும் அவங்கதான் டீ சொன்னாங்க. நான் அவ்வளவு பொறுமையா என் வாழ்க்கையில எதையும் செஞ்சதில்ல.

மழை முடிஞ்சதும் கிளை பருத்துடுச்சு, கம்பி பட்டையில பதிய ஆரம்பிச்சுது. இனிமே எடுத்தே ஆகணும். ஒரு ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு பேரும் மாடியில நின்னோம். கஸ்தூரி நுனியைப் பிடிச்சாங்க. பார்த்தா, விரல் தானாப் பிரிக்கப் போகுது.

நான் கீழ ஓடிப்போய் கட்டரைக் கொண்டு வந்து நீட்டினேன்.

"வெட்டும்மா."

"நல்ல கம்பி பாய்."

"நல்ல கம்பி நாசமாப் போகட்டும். வெட்டுன்னா வெட்டு."

என் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வரும்னு அவங்க நினைக்கல போல, என்னைத் திரும்பிப் பார்த்துட்டுக் கட்டரை வாங்கிக்கிட்டாங்க. அப்புறம் ஒவ்வொரு சுத்தா வெட்டினாங்க. காப்பர் துண்டு துண்டா தரையில விழுது, நான் ஒண்ணும் சொல்லல. கடைசித் துண்டு விழுந்ததும் ரெண்டு பேரும் கிளையைப் பார்த்துக்கிட்டே நின்னோம். அது இம்மிகூட நிமிரல.

கஸ்தூரி மரத்தைச் சுத்திச் சுத்தி வந்தாங்க. "பாய், நான் சுத்துனதே தெரியலயே"ன்னு சொன்னாங்க. நான் வாயைத் திறக்குறதுக்குள்ள கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "சரி உடு. மரம் கீது"ன்னாங்க.

இப்போ அந்த மரம் தினமும் காலையில என் கடை வாசல்ல, ரோட்டைப் பார்த்து நிக்குது. வெயில் ஏறினதும் மாடிக்குக் கொண்டுபோய் நிழல்ல வைக்கிறது என் வேலை. மோட்டார் கொண்டு வர்றவங்க எல்லார்கிட்டயும், இது எங்க கஸ்தூரி சுத்துனதுன்னு சொல்லிடுவேன். கேட்காதவங்களையும் நிறுத்தி வச்சு சொல்றேன்.