பத்ருன்னிசா அக்காவின் ரகசிய நம்பர்

பத்ருன்னிசா அக்கா கார் கதவைத் திறந்ததும் முதலில் மோந்துதான் பார்ப்பார். பீடி நாற்றம் வருகிறதா, மல்லிகைப்பூ வாசனை வருகிறதா, யாராவது மீன் கூடையை ஏற்றினார்களா. பிறகு பின் சீட்டைக் கையால் தடவுவார். பானெட்டைத் தொட்டுச் சூடு பார்ப்பார். ஸ்டெப்னி டயரில் ஆணியால் ஒரு கோடு கிழித்து வைத்திருந்தார்; அது அதே டயர்தானா என்று டிக்கிக்குள் தலையை விட்டுத் தேடுவார். இவ்வளவும் முடிந்த பிறகுதான் டிரைவர் தானியேலைப் பார்த்து, "சாப்ட்டியா?" என்று கேட்பார்.

நான் துளசிராமன். கும்மிடிப்பூண்டியில் சிப்காட்டுக்குத் திரும்பும் இடத்தில் எனக்குக் கார் வயரிங் கடை. ஹாரன், செல்ஃப் மோட்டார், ரிமோட் லாக் எல்லாம் பார்ப்பேன். வாய் கொஞ்சம் நீளம், கோபமும் சீக்கிரம் வரும். என் கடைக்கு வந்த வாடிக்கைக்காரர்களில் என் உயிரை அதிகம் வாங்கியவர் யார் என்று கேட்டால், யோசிக்காமல் பழவேற்காடு பத்ருன்னிசா அக்கா என்று சொல்வேன்.

அவரையும் குறை சொல்ல முடியாது. வீட்டுக்காரர் நூர் அகமது பழவேற்காட்டில் நண்டும் இறாலும் வாங்கிச் சென்னைக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். கூடத் தொழில் செய்தவர்கள் நாற்பதாம் நாள் முடிவதற்குள் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு போனார்கள். ஐஸ் பெட்டி ஒருத்தர், தராசு ஒருத்தர், வாடிக்கை மொத்தத்தையும் இன்னொருத்தர். அக்காவுக்கு மிஞ்சியது ஒரு டாடா சுமோவும் படிக்கிற இரண்டு பெண்களும். சுமோவை வாடகைக்கு விட்டார். ஓட்டுவதற்குத் தானியேலை வைத்தார்.

தானியேலுக்கு ஆரம்பாக்கம் பக்கம் ஒரு கிராமம். அப்பனும் அம்மாவும் ஊரார் வயலில் கூலிக்குப் போனவர்கள். பெண்டாட்டி விக்டோரியா சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை செய்தாள். வீட்டில் முதன்முதலாக லைசென்ஸ் எடுத்தவன் அவன்தான். பேச்சு ரொம்பக் கம்மி. பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை வரும்.

இரண்டாயிரத்து நாலில் நாலு பேர் திருப்பதிக்கு என்று சொல்லிச் சுமோவை எடுத்தார்கள். சூலூர்பேட்டை தாண்டியதும் தானியேலைப் பிடித்து ஒரு சவுக்குத் தோப்பில் கட்டிப் போட்டுவிட்டு வண்டியோடு போய்விட்டார்கள். வண்டி கடைசி வரை கிடைக்கவே இல்லை. தானியேலை மூன்று நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்து விசாரித்தார்கள். அக்காவின் கொழுந்தன் சஹாபுதீன் மட்டும் போலீஸைவிட அதிகமாக விசாரித்தார்.

"டிரைவரு ஒத்துக்காம வண்டி எப்டிப் போவும்? தொரத்திகினு ஓடினானா, கத்தினானா? ஒண்ணுமில்ல. முழுசா வந்து நிக்கிறான் பாரு."

இந்தப் பேச்சு பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி, கும்மிடிப்பூண்டி என்று எல்லா ஸ்டாண்டுக்கும் பரவியது. அதன் பிறகு ஒருத்தரும் தானியேலின் கையில் சாவி கொடுக்கவில்லை. எட்டு மாதம் லாரிக்கு மூட்டை ஏற்றினான்.

இன்சூரன்ஸ் வந்ததும் அக்கா ஒரு பழைய வெள்ளை இண்டிகா வாங்கினார். ஓட்டுவதற்கு மறுபடியும் தானியேலையே கூப்பிட்டு அனுப்பினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இன்னாக்கா, அவன் மேல சந்தேகம்னு சொன்னீங்களே?"

"சந்தேகம் இருக்கறதாலதான் கூப்ட்டேன். கள்ளனா இருந்தா என் கண்ணு முன்னாலயே இருக்கட்டும். எங்கியோ இருந்தா எனக்குத் தூக்கம் வராது."

இதை அவன் காதுபடவே சொன்னார். தானியேல் சாவியை வாங்கிக்கொண்டான். வேறு வழி? இந்த வண்டியும் போய்விட்டால் அக்கா வீட்டில் அடுப்பு எரியாது. அவனும் பிறகு ஜென்மத்துக்கும் ஸ்டீயரிங் தொட முடியாது, திருடன் என்கிற பெயரோடுதான் சாக வேண்டும். இது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

இண்டிகாவை நேராக என் கடைக்குத்தான் கொண்டுவந்தார்கள். கடத்தினால் ஓடாதபடி செய்யும் அலாரம் வேண்டும் என்றார் அக்கா. அப்போதுதான் அந்தப் பெட்டி எங்கள் பக்கம் வர ஆரம்பித்திருந்தது. இன்ஜின் ஓடும்போது எந்தக் கதவைத் திறந்து மூடினாலும் அது விழித்துக்கொள்ளும். டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு பொத்தானை ஒளித்து வைத்திருப்போம். ஒரு நிமிஷத்துக்குள் டிரைவர் அதை ஒரு தடவை அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் சைரன் கத்தும், இன்ஜின் அணைந்துவிடும். பிறகு சாவி கையில் இருந்தாலும் பிரயோஜனமில்லை. அதே பொத்தானில் ரகசிய நம்பரை அமுக்கினால்தான் வண்டி உயிர் பெறும். மூன்று எண்கள். ஐந்து என்றால் ஐந்து தடவை அமுக்கி, கொஞ்சம் நிறுத்தி, அடுத்த எண்ணுக்குப் போக வேண்டும்.

"பட்டன் எங்க கீதுன்னு அவனுக்குத் தெரியட்டும். நம்பர் எனக்கு மட்டும். ஒனக்கும் வாணாம் துளசி."

"நான்தானேக்கா மாட்டறேன்?"

"மாட்டிட்டு வெளிய போ."

போனேன். அக்கா உள்ளே உட்கார்ந்து நாலு கண்ணாடியையும் ஏற்றிவிட்டு, முந்தானையால் கையை மூடிக்கொண்டு, குனிந்து அமுக்கினார். தானியேலும் நானும் வண்டிக்கு முன்னால் நின்றோம். நம்பர் சரியாகப் பதிந்ததா என்று காட்டுவதற்கு அந்தப் பெட்டி இண்டிகேட்டரை மின்னவைக்கும். எனக்கு அது சுத்தமாக மறந்துபோனது. முதலில் ஏழு தடவை மின்னியது. பிறகு எட்டு. பிறகு ஆறு. டீக்கடையில் நின்றவர்கள் எண்ணியிருந்தால் அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

எண்ணவே வேண்டியதில்லை. முன் கண்ணாடியில் பச்சை எழுத்தில் அதே 786 ஒட்டியிருந்தது. பழவேற்காட்டில் கடைப் பலகையிலும் கல்யாணப் பத்திரிகையிலும் 'பிஸ்மில்லா', அல்லாவின் பெயரால் என்பதற்குப் பதிலாக முதலில் எழுதுகிற எண். உலகத்தையே சந்தேகப்படுகிற அக்காவுக்கு, ரகசிய நம்பர் என்றதும் மனதில் வந்தது அதுதான். நான் தானியேலைப் பார்த்தேன். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நான் வேண்டுமென்றே செய்தேன் என்பார், பெட்டியைக் கழற்றச் சொல்வார், அதை எங்கே வாங்கினேன் என்று ஆரம்பித்து என் பரம்பரை வரைக்கும் விசாரிப்பார். வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த வாரமே வண்டி எளாவூர் செக்போஸ்ட்டில் நின்றது. சோதனைக்காகப் பின்பக்கக் கதவைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். தானியேல் காகிதங்களைக் காட்டுகிற அவசரத்தில் பொத்தானை மறந்துவிட்டான். சைரன் கத்தி, வண்டி அணைந்து, பின்னால் லாரி வரிசை நின்று, ஆளாளுக்குத் திட்டியிருக்கிறார்கள். நாலு பேரைப் பிடித்து வண்டியை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, அக்காவுக்கு போன் போட்டான். அக்கா பழவேற்காட்டிலிருந்து ஒரு பஸ், பொன்னேரியிலிருந்து ஒரு பஸ், அப்புறம் ஷேர் ஆட்டோ என்று மூன்று மணி நேரம் கழித்து வந்து சேர்ந்தார். தானியேலைப் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, முந்தானையை மூடிக்கொண்டு அமுக்கினார். வண்டி எதற்காக நின்றது, யாருக்காகக் கதவைத் திறந்தான் என்று வீடு போகும் வரை குடைந்திருக்கிறார்.

அவன் என்னிடம் இதைச் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன்டா, ஒனக்குத்தான் நம்பர் தெரியுமே. அமுக்கி எடுத்துகினு வர்றதுக்கு இன்னா கேடு?"

"அவங்க குடுக்கலையேண்ணா."

"அதான் கண்ணாடில எழுதி ஒட்டிகீதே."

"அமுக்கினா அவங்களுக்கு எப்டியாச்சும் தெரிஞ்சிரும்ணா. அப்புறம் பழைய வண்டியும் நான்தான் குடுத்தேன்னு ஆயிடும். நிக்கறது பரவால்ல."

அப்படியே இரண்டு வருஷம் நின்றான். அத்திப்பட்டில் ஒரு தடவை, ஊத்துக்கோட்டை சந்தையில் ஒரு தடவை, காட்டுப்பள்ளி போகும் மணல் ரோட்டில் நிழலே இல்லாத இடத்தில் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் நம்பரை மனதில் வைத்துக்கொண்டு, அக்கா பஸ் பிடித்து வரும் வரை வெயிலில் காத்திருந்தான். அவனை நான் பைத்தியம் என்றுதான் கூப்பிடுவேன். அவன் சிரிப்பான்.

இரண்டாயிரத்து ஏழு, தை மாதம், காலை பதினோரு மணி இருக்கும். மூன்று பேர் நல்ல சட்டை போட்டு, கையில் ஃபைல் வைத்துக்கொண்டு, கம்பெனி வேலையாகச் சத்தியவேடு போக வேண்டும் என்று இண்டிகாவை எடுத்தார்கள். கவரைப்பேட்டை தாண்டி ஆள் இல்லாத இடத்தில் ஒருத்தன் வாந்தி வருகிறது என்றான். தானியேல் இன்ஜினை அணைக்காமல் ஓரம் கட்டினான். அடுத்த நிமிஷம் கழுத்தில் கத்தி. அவனை வெளியே தள்ளிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள்.

இந்தத் தடவை தானியேல் வண்டிக்குப் பின்னாலேயே ஓடினான். துரத்தினானா, கத்தினானா என்று கேட்டார்களே, அந்தக் கேள்விக்காகவே ஓடினான் என்று நினைக்கிறேன். மூன்று பேர், கையில் கத்தி, ஓடாதே என்று யார் சொல்வது அவனுக்கு? அரை கிலோமீட்டர் போவதற்குள் சைரன் கத்தி வண்டி அணைந்துவிட்டது. சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர்கள், ஓடி வந்தவனையே பிடித்து நம்பர் கேட்டார்கள்.

"ஓனருக்குத்தான் தெரியும்."

அடித்தார்கள். அதையே சொன்னான். வலது கையைக் கதவுச் சந்தில் வைத்து, கதவை அறைந்து சாத்தினார்கள். மறுபடி கேட்டார்கள். மறுபடியும் ஓனருக்குத்தான் தெரியும் என்றான். இன்னொரு தடவை சாத்தினார்கள். சைரன் சத்தம் கேட்டு, வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் சேறும் கையுமாகக் கூட்டமாய் ஓடி வந்தார்கள். மூன்று பேரும் தோப்புக்குள் புகுந்து ஓடிவிட்டார்கள். அந்தப் பெண்கள்தான் அவனை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அக்கா எனக்கு போன் செய்தார். நானும் அவரும் முதலில் வண்டி நின்ற இடத்துக்குப் போனோம். ஆமாம், வண்டியிடம்தான் முதலில் போனார். உள்ளே மோந்து பார்த்தார். கதவு ஓரத்தில் இருந்த ரத்தத்தைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். பிறகு கையை மூடிக்கொண்டு நம்பரை அமுக்கினார். நான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன்.

வழியில் சொன்னார்: "பாத்தியா துளசி, நம்பரச் சொல்லாம வச்சது எவ்ளோ நல்லதாப் போச்சி. தெரிஞ்சிருந்தா அடி தாங்காம சொல்லிருப்பான். வண்டி போயிருக்கும்."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

தானியேல் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். வலது கை முழுக்கக் கட்டு. மூன்று விரல்கள் நொறுங்கிவிட்டன, ஒன்று இனி மடங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கம்பெனியிலிருந்து யூனிஃபார்மோடு ஓடி வந்த விக்டோரியா பக்கத்தில் நின்றாள். அக்கா அவனிடமும் அதையே சொன்னார். "நல்ல வேளை, ஒனக்கு நம்பர் தெரியாது."

"ஆமாக்கா," என்றான்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "இன்னாடா ஆமாக்கா?" என்று கத்தினேன். நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். "அக்கா, ஏழு எட்டு ஆறு. நீங்க அமுக்கறப்போ இண்டிகேட்டர் மின்னிச்சி. எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். தெரிஞ்சிகினுதான் கைய குடுத்துட்டு ஒக்காந்துகினுகீறான்."

அக்காவின் முகம் வெளுத்தது. அப்போதும் அவர் முதலில் கேட்ட கேள்வி இதுதான்.

"எத்தினி நாளா?"

"விரல் போச்சிக்கா," என்றாள் விக்டோரியா. "இன்னும் கேள்விதான் கேக்கறீங்களா?"

தானியேல் இடது கையால் அவளைத் தடுத்தான். "மொத நாள்லேந்தே தெரியும்க்கா."

"அப்ப செக்போஸ்ட்ல நின்னியே. காட்டுப்பள்ளில, அந்த வெயில்ல."

"நீங்க குடுக்காத நம்பர நான் எப்டிக்கா அமுக்கறது?"

அக்கா அந்தக் கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, யாரிடமும் சொல்லாமல், பஸ் ஏறிப் போய்விட்டார். நானும் விக்டோரியாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வேலை போச்சு என்றுதான் நினைத்தோம். இண்டிகாவை நானே ஓட்டி வந்து கடையில் நிறுத்தினேன்.

பத்து நாள் கழித்துக் காலையில் அக்கா என் கடை வாசலில் வந்து நின்றார்.

"நம்பர மாத்தணும்."

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த ஸ்பேனரை மேஜை மேல் போட்டேன். "மாத்துங்க. அவனுக்கு இன்னும் ஏழு விரல் கீது. நல்லா மாத்துங்க. நீங்கள்லாம் மனுஷங்களாக்கா?"

அக்கா முழுவதையும் கேட்டுக்கொண்டார். கண்கள் சிவந்திருந்தன. பத்து நாளும் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார்.

"தானியேல் பின்னால வர்றான். அவன் இஷ்டத்துக்கு ஒரு நம்பர் சொல்லுவான். அவன் கையாலயே அமுக்கட்டும்," என்றார். "எனக்கு நம்பர் வாணாம். நான் கேட்டாலும் சொல்லாதே துளசி. நான் கேப்பேன்."

சொல்லிவிட்டு என் பதிலுக்குக் காத்திராமல் பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார். தானியேல் வந்து, இடது கையால் தட்டுத் தடுமாறி அமுக்கினான். இரண்டு தடவை தப்பாகி, மூன்றாவது தடவை பதிந்தது.

அக்கா சொன்னபடியே கேட்டார். அந்த வருஷத்தில் மட்டும் மூன்று தடவை என்னிடம் கேட்டார். தானியேலிடம் ஒரு தடவையும் கேட்கவில்லை.