நவநீதகிருஷ்ணனின் காது

என் கணவர் நவநீதகிருஷ்ணன் பதினான்கு வருஷம் கொல்லிமலையில் ஜீப்பு ஓட்டினார். வண்டி எங்களுடையது. ஊர் ஊராகப் போய் ஊசி போட்டு, சர்க்கரை பார்த்து, மாத்திரை கொடுத்துவரும் மருத்துவக் குழுவுக்கு அதை மாத வாடகைக்கு விட்டு, அவரே ஓட்டினார். டாக்டரம்மா முன்னால் உட்காருவார். நர்ஸ் ஜெனிபர் பின்னால், மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில். என் கணவரைப் பற்றிக் கேட்டால் மலையில் எல்லோரும் முதலில் சொல்வது ஒன்றுதான். வளைவு வந்தால் பாட்டை அமர்த்திவிடுவார்.

காரவள்ளியிலிருந்து மேலே வர எழுபது கொண்டை ஊசி வளைவுகள். எதிரே இறங்கும் பஸ் கடைசி நிமிஷம் வரை கண்ணில் படாது. பனி மூடினால் அதன் விளக்கும் தெரியாது. ஆரன் அடித்துவிட்டு, பதில் ஆரன் வருகிறதா என்று கேட்டுத்தான் வண்டியைத் திருப்ப வேண்டும். அதனால் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் அவர் கை பாட்டுச் செட்டுக்குப் போகும், பாட்டு நிற்கும், கண்ணாடி இறங்கும். வளைவு முடிந்ததும் பாட்டு மறுபடி வரும்.

"ஏனுங்க, எழுபது தடவை திருகறதுக்குப் பாட்டே போடாம வரலாமில்ல" என்று ஒருநாள் கேட்டேன்.

"பாட்டு இல்லாட்டித் தூக்கம் வருது. பாட்டு இருந்தா பஸ்ஸு வருது. நான் என்ன புள்ள பண்றது" என்றார்.

அவருக்கு ஊர் பேளுக்குறிச்சிப் பக்கம். கீழே லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், எனக்குக் குண்டனி நாட்டுப் பள்ளியில் வேலை கிடைத்ததால் மலையேறினார். பொண்டாட்டி பின்னால் போனவன் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். "ஆமாங்க, கீழ வெயிலு ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு வண்டியைத் துடைக்கப் போய்விடுவார். சண்டைக்கு வந்தவர்கள் ஏமாந்துபோவார்கள்.

கொரோனா வருவதற்கு முந்தின வருஷம், ஐப்பசி மழையில் அவருடைய போன் நனைந்து இரண்டு நாள் அரிசிக்குள் கிடந்தது. பிழைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு சோளக்காட்டில் செல்போன் கடை வைத்திருக்கும் அப்பாசாமியிடம் போய், கெட்டி ரப்பர் கவர் ஒன்று வாங்கி மாட்டினார். மலையில் பாதிப் பேர் அப்படித்தான், போனுக்குச் சட்டை மாட்டாமல் மழைக்காலத்தைத் தாண்ட மாட்டார்கள்.

அதே வாரத்தில்தான் அவர் கொஞ்சம் மாறினார். நான் பேசினால் என் வாயையே பார்ப்பார். "நீ கொல்லைப்பக்கம் போயி நின்னுட்டு ஏதாச்சும் சொல்லு" என்பார். நான் போய் நின்று, "பருப்பு தீந்துபோச்சு" என்று சொல்வேன். "சரி, சரி" என்று குரல் வரும். என்ன விளையாட்டு இது என்று நினைத்தேன். தலையணைக்கடியில் கைக்கடிகாரத்தை வைத்துப் படுத்ததையும் பார்த்தேன், கேட்கவில்லை.

பஸ் நிற்கிற இடத்தில் ஒருநாள் ஜெனிபர் என்னைப் பிடித்துக்கொண்டாள். ஆத்தூர்க்காரப் பெண், மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள்.

"அக்கா, அண்ணன்கிட்ட நீங்களாச்சும் சொல்லுங்க. பாட்டை அலற விடறாரு. கரகரன்னு தகரத்தைச் சொறண்டற மாதிரி இருக்குது. டாக்டரம்மா காதுல பஞ்சு வெச்சிக்கிறாங்க."

"நீ சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன். 'உங்களுக்கு அவ்வளவு சத்தமாவா கேக்குது'ன்னு கேட்டுட்டு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டாரு. அப்பறம் எங்க சொல்றது."

அவர் மனதில் இருந்ததை அவர் பிறகு சொல்லித்தான் நான் அறிந்தேன். இங்கே இப்போதே சொல்லிவிடுகிறேன். பாட்டில் அவருக்கு மேளம் கேட்டது, வயலின் கேட்டது. பாடுகிறவரின் குரல் மட்டும் கேட்கவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஏதோ ஒரு முனகல் மட்டும். குரல் தெரியட்டும் என்று சத்தத்தைக் கூட்டினார். மேளம்தான் கூடியது. இன்னும் கூட்டினார். மற்றவர்கள் காதைப் பொத்தினார்கள். ஆக, அவர்களுக்கு அதிகமாகக் கேட்பது தனக்குக் கேட்கவில்லை என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

அதற்குக் காரணம் இருந்தது. என் மாமனார் சென்னியப்பன் இருபது வருஷம் போர்வெல் வண்டியில் வேலை பார்த்தவர். வடக்கே எங்கெங்கோ போய் ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டு, அந்தக் கம்பிரசர் சத்தத்தில் காதைத் தொலைத்துவிட்டு வந்தார். அவருக்கு முதலில் போனது பாட்டுதானாம். "மேளம் கேக்குதுடா, பாட்டுத்தான் கேக்கல" என்று சொன்னாராம். பேச்சு அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் கேட்டிருக்கிறது. என் கணவரும் பத்தொன்பது வயதில் அதே வண்டியில் இரண்டு வருஷம் இருந்தவர். அப்பா சொன்ன அதே வார்த்தை தன் காதுக்கும் வந்துவிட்டது என்று நினைத்தார்.

தை மாதம் அவருடைய லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு டாக்டர் சான்று வேண்டும். கையெழுத்துப் போடப்போவது பக்கத்து இருக்கையில் தினமும் உட்காரும் டாக்டரம்மா. அவரிடம் பொய் சொல்லி வாங்கலாம். ஆனால் வாங்கிவிட்டு அவரையே அந்த எழுபது வளைவிலும் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். உண்மையைச் சொன்னால் வண்டியை விற்க வேண்டியதுதான். வேறு வேலையும் அவருக்குத் தெரியாது. இந்தக் கணக்கை ஒன்றரை மாதம் தனியாகச் சுமந்திருக்கிறார்.

செட்டை ரிப்பேருக்குக் காட்டியிருக்கலாமே என்று தோன்றும். காட்டப் பயந்தார். செட்டு நன்றாக இருக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால் மிச்சம் இருப்பது காதுதானே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மிளகு வாங்கச் சோளக்காட்டுக்குப் போனோம். வழி முழுக்க அவர் பாட்டே போடவில்லை. சந்தையில் வண்டியை நிறுத்தியதும் அப்பாசாமியை நானே கூப்பிட்டேன்.

"இந்தச் செட்டைக் கொஞ்சம் பாருங்க. கரகரங்குதாம், நர்ஸம்மா சண்டைக்கு வர்றாங்க."

"வேண்டாம் புள்ள, அது கெடக்குது" என்றார் இவர்.

அதற்குள் அப்பாசாமி கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். "போடுங்க, கேப்பம்."

இவர் செட்டிலிருந்து வரும் ஒயரைப் போனில் சொருகி, வழக்கம்போல ஒரு பாட்டைப் போட்டார். ஆரம்ப இசை இரைந்தது. அப்பாசாமி குனிந்து கதவில் இருந்த ஸ்பீக்கரில் விரல் வைத்துப் பார்த்தார். பின்னால் போய் அங்கேயும் தொட்டுப் பார்த்தார்.

"ஸ்பீக்கரு கிழியல. செட்டும் நல்லாத்தாங்க இருக்குது. சவுண்டைக் கடைசி வரைக்கும் திருகி வெச்சிருக்கறீங்க, அதுதான் இரையுது. இவ்வளவு எதுக்குங்க, காது கீது கேக்காதுங்களா?"

கேலியாகத்தான் கேட்டார். என் கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தார்.

எனக்கு அந்தப் பாட்டு நன்றாகத் தெரியும். ஆரம்ப இசை முடிந்து மேளம் ஒரு சுற்று வந்தது. பாட வேண்டிய இடம் வந்தது, போனது.

"ஏனுங்க, பாடற பொம்பள எங்கீங்க?" என்றேன்.

அவர் மெதுவாகத் திரும்பினார். "என்ன?"

"மேளம் மட்டும் போவுது. பாட்டைக் காணமே."

"உனக்கும் கேக்கலையா?"

"எனக்கென்ன, யாருக்குமே கேக்காது. இல்லாதது எப்பிடிக் கேக்கும்?"

அவர் கதவைத் திறந்து கீழே இறங்கினார். ஏன் இறங்கினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. இறங்கி நின்று, மறுபடியும் ஏறி உட்கார்ந்தார். "அப்பாசாமி, உனக்கு?"

அப்பாசாமி காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு போனைக் கையில் வாங்கி ஒயர் சொருகியிருந்த இடத்தைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இந்தக் கவர் நாந்தான குடுத்தேன்."

"ஆமா."

"போச்சு போங்க. கவரு இவ்வளவு தடிமன். ஒயரு முழுசா உள்ள எறங்கல, பாதியில நிக்குது. அப்பிடி நின்னா ரெண்டு பக்க ஸ்பீக்கருக்கும் பொதுவா வர்ற சத்தம் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு அழிஞ்சு போயிரும். பாடற குரலு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான வரும், அதுதான் முதல்ல போவும். பக்கத்துக்கு ஒண்ணா வர்ற மேளம், வயலினு மட்டும் தங்கும்."

கவரை உரித்துவிட்டு ஒயரை அழுத்தினார். டக்கென்று ஒரு சத்தம். செட்டை யாரும் குறைத்து வைக்கவில்லை. அந்தப் பெண்மணி சந்தை முழுக்கக் கேட்கிற மாதிரி பாட ஆரம்பித்தார். எதிரே வாழைத்தாரைத் தூக்கிக்கொண்டிருந்த பாப்பாயி தாரைப் பொத்தென்று கீழே வைத்துவிட்டு எங்களைத் திட்டினாள்.

என் கணவர் குறைக்கவில்லை. இரண்டு வரி போனது. மூன்றாவது வரியில் அப்பாசாமியே கை நீட்டிக் குறைத்தார்.

"போன்ல முக்காவாசிக்கு மேல வைங்க. செட்டுல பாதி போதும். ஒயரு மாட்டற எடத்துல கவரை வெட்டித் தாரேன், அப்பறம் ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லிவிட்டு, ஒரு பிளேடை எடுத்துவந்து வெட்டினார். "ஏனுங்க, இதை முன்னாடியே கொண்டாந்திருக்கலாமில்ல?"

"வரோணும்னுதான் இருந்தேன்" என்றார் இவர். குரல் ஒரு மாதிரி இருந்தது. அப்பாசாமி என்னைப் பார்த்தார். எனக்கும் அப்போது எதுவும் தெரியாது.

வரும் வழியில், பலா மரத்தடியில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். வண்டியை யாரிடம் விற்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தார். எனக்குக் கோபம் வந்தது. ஒன்றரை மாதம் என்னிடம் சொல்லாமல் இருந்ததற்கு நன்றாகத் திட்டினேன். "மெதுவாத் திட்டு புள்ள, நல்லாவே கேக்குது" என்றார்.

மறுநாள் ஜெனிபரிடம், குரலே வராத பாட்டைக் கேட்டும் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறார்.

"அண்ணனுக்கு வெறும் மியூசிக்தான் புடிக்கும்போலன்னு நெனச்சேன். அவங்கவங்க ருசி, நாம என்ன சொல்றது" என்றாளாம்.

டாக்டரம்மாவோ பஞ்சு வைத்துக்கொண்டதால் குரல் கேட்கவில்லை என்று நினைத்தாராம். தை மாதம் சான்று கொடுக்கும்போது, இவருக்குப் பின்னால் போய் நின்று மெல்லிய குரலில், "ஜெனிபருக்குக் கல்யாணம் நிச்சயம் ஆயிடுச்சு" என்று சொல்லிப் பார்த்தார். "எனக்குப் பத்திரிகை வரலீங்க" என்றார் இவர். கையெழுத்து விழுந்தது. அதற்குப் பிறகு ஐந்தரை வருஷம் ஓட்டினார்.

இந்த ஆவணியில் சிறுநீரகம் கெட்டுப்போய்ச் சேலத்து ஆஸ்பத்திரியில் தன் கடைசிப் பதினோரு நாள் இருந்தார். ஒன்பதாம் நாள் காலை, அங்கிருந்த இளம் நர்ஸ் ஒருத்தி என்னைத் திரைக்கு வெளியே கூட்டிப்போய், அவர் தூங்குகிறார் என்று நினைத்து, ரகசியமாகக் கேட்டாள். "ஐயா ஏதாச்சும் சாப்பிட்டாருங்களா?"

"ரெண்டு இட்லி" என்றேன், அதைவிட ரகசியமாக. நிறையச் சாப்பிட்டார் என்று சொன்னால் அவருக்கு நல்லது என்று எனக்கு ஒரு எண்ணம்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஒண்ணரைங்க. மிச்சம் அரையை அவதான் தின்னா."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன்.